சுனைத் தண்ணீரும் வாரண்டி அட்டையும்

கண்ணாடிக் கதவு போட்ட கடைகளை நான் மதிப்பதில்லை. இழுக்கிற கதவா, தள்ளுகிற கதவா என்று வருகிறவன் திணறுவதை உள்ளே இருந்து வேடிக்கை பார்ப்பதற்கென்றே அப்படி ஒரு கதவைப் போட்டு வைத்திருக்கிறார்கள். வத்தலக்குண்டில் அந்த மாதிரி ஒரு பேட்டரிக் கடை புதிதாக வந்தபோது அதற்குள் மூன்று தடவை போனேன். மூன்று தடவைக்கு மேல் போகவில்லை, போகவும் மாட்டேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கொடைக்கானலுக்கு மேலே போளூரில் கேரட் மூட்டை தூக்கிய தோள் இது. லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, ஐம்பது வயதுக்குள் நாயுடுபுரத்தில் சொந்த வீடு கட்டி வாசலில் காய்கறிக்கும் சவாரிக்கும் ஓடுகிற மூன்று ஜீப்புகளை நிறுத்தினேன். எனக்கு யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. கொடுத்திருந்தாலும் பிடித்திருக்க மாட்டேன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோய் எங்கே என்று சொல்லிவிடுவேன். அதற்கு எந்தக் கல்லூரியிலும் பட்டம் தருவதில்லை.

மூன்றில் பழைய ஜீப்பை ஓட்டியவன் சிலோன்காரன். தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து, சிறு வயதில் தாய் தகப்பனோடு கப்பலேறி வந்தவன். என்னிடம் வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. பாட்டிலைப் போத்தல் என்று சொல்லுவான். ஜீப் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அதைச் சொல்லிச் சொல்லியே அவனைக் கிண்டல் செய்வார்கள், அவன் சிரித்துக்கொண்டு பேசாமல் இருப்பான். என் வீட்டுக்குப் பின்னால் நான் கட்டிப் போட்ட இரண்டு அறையில் மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் குடியிருந்தான். என்னிடம் வேலை செய்கிறவனுக்குத்தான் அந்த வீடு. வேலை போனால் சட்டி பானையையும் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அவனுக்கும் அது தெரியும்.

முன்பெல்லாம் கொடைக்கானல் பஜாரில் ஒரு பாயிடம்தான் பேட்டரி வாங்குவேன். அவர் அட்டை, ரசீது எதுவும் தர மாட்டார். பேட்டரியின் முதுகில் ஆணியால் தேதியைக் கீறித் தருவார், அவ்வளவுதான். பேட்டரி முன்கூட்டியே செத்தால் ஆணிக் கீறலைப் பார்ப்பார், வேறு ஒன்றைத் தூக்கித் தருவார். அந்த ஆள் கடையை விட்டு நான் ஏன் வத்தலக்குண்டுக்குப் போனேன் என்றால், பெருமைக்குத்தான். ஸ்டாண்டில் ஒருவன் பளபளவென்று ஒரு அட்டையைக் காட்டி, "ரெண்டு வருசம் வாரண்டிண்ணே, கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கான்" என்றான். எவனோ ஒருவன் ஜீப்புக்கு இருக்கிற அட்டை என் ஜீப்புக்கு இல்லாமல் இருக்கலாமா? போய் வாங்கினேன். அது முதல் தடவை. குளிர்சாதன அறையில் உட்கார வைத்துக் காகிதக் குவளையில் காப்பி கொடுத்தார்கள். வாங்குகிறவனுக்கு மட்டும்தான் அந்தக் காப்பி என்பது எனக்கு அப்போது தெரியாது.

அட்டை முழுக்க இங்கிலீஷ். பொடி எழுத்து. எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. பத்திரமாக வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் டிரைவர் ஜீப்பின் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலோடு நின்றான். பேட்டரியில் தண்ணீர் குறைந்திருக்கிறது, பெட்ரோல் பங்கில் வாங்கினேன் என்றான்.

"என்னலே அது?"

"டிஸ்டில் வாட்டர் மொதலாளி. ஒரு போத்தல்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏலே, கொடைக்கானல்ல இருந்துக்கிட்டுத் தண்ணிய வெலைக்கு வாங்குன மொதல் ஆளு நீதான். கீழே இருக்கிறவன் சாக்கடையக் காய்ச்சிப் பாட்டில்ல அடைச்சு விக்கிறான், அத நீ மேல தூக்கிட்டு வாரியா?"

பாட்டிலை வாங்கி அவன் கண் முன்னால் ரோஜாச் செடிக்கு ஊற்றினேன். பெருமாள்மலைக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் பாறைக்குள் மூங்கில் செருகிய சுனை ஒன்று உண்டு. போகிற வருகிற வண்டியெல்லாம் அங்கே நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கும். நானும் நாற்பது வருடமாக அதைக் குடிக்கிறேன். சோலைக்குள்ளிருந்து வருகிற தண்ணீர், பளிங்கு மாதிரி இருக்கும். இனிமேல் பேட்டரிக்கு அதைத்தான் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "உன் சோலியப் பாரு" என்றேன். பார்த்தான். அன்று முதல் மாதா மாதம் சுனைத் தண்ணீர்தான்.

மலையில் ஜீப் வைத்திருக்கிறவன் எவனும் சமதரையில் நிறுத்த மாட்டான். மூக்கு இறக்கத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி டயருக்குக் கல் கொடுப்பான். காலையில் கல்லை எடுத்தால் வண்டி தானாக உருளும், கியரைத் தட்டினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சாவி போட்டு எடுப்பதெல்லாம் சமவெளிக்காரனின் சொகுசு. அதனால் பேட்டரி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது எங்களுக்கு மாதக்கணக்கில் தெரியாமலே போகும்.

எனக்கு அய்யம்பாளையத்தில் தெரிந்தது. என் இரண்டாவது மகளுக்கு அங்கே மாப்பிள்ளை பேசி, கை நனைக்கப் போயிருந்தோம். பேட்டரி வாங்கி எட்டு மாதம் இருக்கும். விருந்து முடிந்து, வெற்றிலை போட்டு, நான் என் மூன்று ஜீப்புக் கதையை ஆரம்பம் முதல் சொல்லி முடித்து, கம்பீரமாக முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் சாவியைத் திருகினான். 'டிக்' என்றது. மறுபடியும் 'டிக்'. அதோடு சரி. சம்பந்தி வீட்டு வாசல் கேரம் போர்டு மாதிரி சமதரை.

சம்பந்தி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "என்ன சம்பந்தி, உங்க ஜீப்புக்கு எங்க ஊரு ரொம்பப் பிடிச்சுப் போச்சு போல. கெளம்ப மாட்டேங்குதே!"

அவர் மச்சான்கள் நாலு பேர் கைகொட்டிச் சிரித்தார்கள். தள்ளினார்கள். சம்பந்தியும் தள்ளினார். மாப்பிள்ளைப் பையனும் தள்ளினான். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன், இறங்கினால் இன்னும் அசிங்கம். அந்த நூறு அடி தூரம் இருக்கிறதே, மூட்டை தூக்கிய காலத்தில்கூட எனக்கு அப்படிக் கனத்ததில்லை.

எஞ்சினை நிறுத்தாமல் எங்கள் வீட்டுப் பெண்களை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு நேராக வத்தலக்குண்டு கடைக்குப் போனேன். அது இரண்டாவது தடவை. அட்டையைக் காலையிலேயே சட்டைப் பையில் வைத்திருந்தேன், சம்பந்தி வீட்டில் காட்டலாம் என்று. பேட்டரியைக் கழற்றி டிரைவர் தோளில் சுமந்துகொண்டு பின்னால் வந்தான்.

வாசலில் ஒரு பெண் பிள்ளை டோக்கன் கொடுத்தது. கடையில் என்னைத் தவிர ஒரு ஈ காக்காய் இல்லை. "யாருமே இல்லையேம்மா, எதுக்கு டோக்கன்?" என்றேன். "சிஸ்டம் சார்" என்றது. உட்காரச் சொன்னது. காப்பி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளையே என் நம்பரைச் சத்தமாகக் கூப்பிட்டது. எதிரில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து போனேன்.

கழுத்தில் டை கட்டிய ஒருவன் வந்தான். மேனேஜராம். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. என் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், கள்ள நோட்டைப் பார்க்கிற மாதிரி. பிறகு பேட்டரி நம்பரைப் பார்த்தான். பில் கேட்டான். வண்டி நம்பர் கேட்டான். போன் நம்பர் கேட்டான். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சார். பேட்டரியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் கிளீனராகச் சேர்ந்திருந்தால் ஒரு நாள் தாங்க மாட்டான்.

"சார், டெஸ்டிங்குக்கு வச்சுட்டுப் போங்க சார். சார்ஜ்ல போட்டுப் பாக்கணும். செவ்வாய்க்கிழமை வாங்க சார்."

"அதுவரைக்கும் ஜீப்புக்கு வேற பேட்டரி?"

"அது பாலிசில இல்ல சார்."

"விக்கிறப்போ காப்பி குடுக்கிறது மட்டும் பாலிசில இருக்கோ?"

அவன் சிரித்தான். இந்த மாதிரிக் கடைகளில் வேலைக்கு எடுக்கும்போதே அந்தச் சிரிப்பைப் பல்லில் ஒட்டி அனுப்புகிறார்கள் போலிருக்கிறது. பிறகு கேட்டான்: "வண்டியை யார் சார் மெயின்டெய்ன் பண்றது? டிரைவரா? சில டிரைவர்ஸ் சரியாப் பாத்துக்க மாட்டாங்க, அதான் கேட்டேன்."

அவன் என் டிரைவரைச் சொன்னது என்னைச் சொன்ன மாதிரி இருந்தது. அப்போதுதான் கடைக்கு ஒரு டிராக்டர்காரரும் அவர் மகனும் வந்திருந்தார்கள். நாலு பேர் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

"தம்பி, இவன் நான் பழக்குன ஆளு. குத்தம் பேட்டரி மேலன்னு வந்துச்சுன்னா நீ இந்தக் கழுத்துத் துணியக் கழட்டி வச்சுட்டு வீட்டுக்குப் போகணும். என் டிரைவர் மேலன்னு வந்துச்சுன்னா, இதே எடத்துல சாவிய வாங்கிக்கிட்டு அவன அனுப்பிருவேன். என் வாக்கு வாக்குத்தான். போளூர்ல இருந்து வத்தலக்குண்டு வரைக்கும் கேட்டுப் பாரு."

டிராக்டர்காரர் தலையாட்டினார். எனக்குத் திருப்தியாக இருந்தது. டிரைவரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்தால் ஜீப்பைத் தள்ள வேண்டும். டை கட்டியவனையே கூப்பிட்டேன். "இது உங்க பாலிசில இருக்கோ இல்லையோ, வந்து கை வையுங்க சார்" என்றேன். டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு தள்ளினான். அந்த ஒரு காட்சிக்காக இன்னொரு பேட்டரி சாகலாம்.

ஏறும்போது வழக்கம்போல் சுனை வளைவில் இறக்கத்தைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினான். ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டே கேட்டான்:

"மொதலாளி, அவுங்க என்னா தண்ணி ஊத்துனீங்கன்னு கேட்டா என்னா சொல்லட்டும்?"

"உள்ளதச் சொல்லு. சுனைத் தண்ணின்னு சொல்லு. கேட்டு வாயப் பொளக்கட்டும். அவனுகளுக்குக் குடிக்கவே கெடைக்காது."

இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். பல் கூசியது. அவன் மூங்கிலுக்கு அடியில் இருந்த பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தண்ணீர் விழுந்து விழுந்து அந்த இடம் மட்டும் செங்கல் நிறத்தில் கறுத்துச் சிவந்திருக்கும். நான் பார்க்கவில்லை. நாற்பது வருடமாகப் பார்க்கிற பாறையில் புதிதாக என்ன இருக்கப் போகிறது?

செவ்வாய்க்கிழமை வெள்ளனே என் இன்னொரு ஜீப்பின் பேட்டரியைக் கழற்றி மாட்டிக்கொண்டு இறங்கினோம். மூன்றாவது தடவை. டோக்கன். சிஸ்டம். சார். எல்லாம் முறைப்படி நடந்தது. இந்தத் தடவை பின்பக்கத்திலிருந்து வேறு ஒரு ஆள் வந்தார். வயது என் வயது. சட்டையில் ஆசிட் தின்ற ஓட்டைகள். கை விரல்களில் நகம் மஞ்சள். அந்தக் கடையிலேயே நான் மதித்த ஒரே ஆள் அவர்தான், கையைப் பார்த்தே மதித்தேன்.

பேட்டரியைக் கண்ணாடி மேஜை மேல் தூக்கி வைத்து ஆறு மூடியையும் திறந்தார். டார்ச் அடித்தார். "உள்ளே பாருங்கண்ணே" என்றார். பார்த்தேன். தண்ணீருக்குள் தகடெல்லாம் செம்மண் பூசிய மாதிரி இருந்தது.

"இரும்புக் கறை. தகடு போச்சு, சார்ஜ் ஏற மாட்டேங்குது. இதுக்குள்ள சும்மா தண்ணி ஊத்தியிருக்காங்க. ஊத்துத் தண்ணியோ, போர்த் தண்ணியோ. பாக்கப் பளிச்சுன்னு இருக்கும், உள்ளுக்குள்ள இரும்பு கலந்து கெடக்கும். மனுசன் குடிக்கலாம், பேட்டரி குடிக்கக் கூடாது. யாரு ஊத்துனது?"

எனக்குப் பின்னாலிருந்து டிரைவர் சொன்னான்: "நாந்தாங்க ஊத்துனேன்."

சுனை என்று சொல்லவில்லை. முதலாளி என்று சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை, ஊற்றியது அவன் கைதான்.

டை கட்டியவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்குத் தள்ளியதற்கெல்லாம் சேர்த்து மலர்ந்தது. ஒரு காகிதத்தை இழுத்து எழுத ஆரம்பித்தான். "வாரண்டி ரிஜெக்ட் சார். கார்டுலயே போட்டிருக்கு சார், மினரல்ஸ் உள்ள தண்ணி யூஸ் பண்ணா வாரண்டி கிடையாது. நீங்க படிச்சுப் பாக்கலையா சார்?"

"என்ன எழுதுற?"

"காரணம் சார். டிரைவர் நெக்லிஜென்ஸ். அப்படின்னா டிரைவர் கவனக்குறைவு." பிறகு, வேண்டுமென்றே, அந்தப் பெண் பிள்ளைக்கும் கேட்கிற மாதிரி: "அன்னைக்கு ஏதோ சாவியை வாங்குறேன்னு சொன்னீங்களே சார்?"

'டங்' என்று ஒரு சத்தம். டிரைவர் ஜீப் சாவியைக் கண்ணாடி மேல் வைத்திருந்தான். அதோடு கோத்து வைத்திருந்த வீட்டுச் சாவியையும் தனியாகக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். முகத்தில் கோபம் கிடையாது. "சாமான எடுக்க ரெண்டு நாளு குடுங்க மொதலாளி" என்றான். "பெரிய புள்ளைக்குப் பரீட்சை நடக்குது."

அரை நிமிடம் நான் சும்மா நின்றேன். அதை மறைக்க மாட்டேன். இதை எழுதும்போதும் அந்த அரை நிமிடத்தைத் தாண்டத்தான் கஷ்டமாக இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இரண்டு சாவியையும் எடுத்துப் பையில் போட்டிருந்தால் என் வாக்கு வாக்காகவே நின்றிருக்கும். ஸ்டாண்டில் என்னைப் பற்றி ஒரு கதை கூடியிருக்கும்: வாக்குச் சொன்னால் சொன்னதுதான், எட்டு வருட ஆளையும் பார்க்க மாட்டார் என்று. ரோஜாச் செடி மட்டும்தான் சாட்சி. ரோஜாச் செடி பேசாது.

வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேரைக் கேவலமாகப் பார்த்திருக்கிறேன். டை கட்டியவன், டோக்கன் கொடுப்பவள், தண்ணீரை விலைக்கு வாங்குகிறவன். அந்தக் கண்ணாடி மேஜையில் என் முகமும் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"அத அடி" என்றேன்.

"சார்?"

"டிரைவர்னு எழுதியிருக்கியே, அத அடி. ஓனர்னு எழுது. அவன் டிஸ்டில் வாட்டர் வாங்கிட்டுத்தான் வந்தான். அதப் புடுங்கிச் செடிக்கு ஊத்துனது நான். சுனைத் தண்ணிய ஊத்தச் சொன்னதும் நான். இவன் வேண்டாம்னு சொல்ல வந்தான், உன் சோலியப் பாருன்னேன்."

"யார் பேர் போட்டாலும் வாரண்டி வராது சார்."

"உன் வாரண்டிய நீயே வச்சுக் கும்பிடு. பேர மாத்து."

அடித்துவிட்டு எழுதினான். அந்த எழுத்தை எனக்குப் படிக்கத் தெரியாது. ஆசிட் சட்டைக்காரரிடம் கொடுத்து, "சரியா எழுதியிருக்கானா பாருங்க" என்றேன். அவர் பார்த்துவிட்டு, "ஓனர்னுதாண்ணே போட்டிருக்கு" என்றார். அதற்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். மூன்றாம் வகுப்பில் கற்றுக்கொண்ட அதே கையெழுத்து.

கண்ணாடி மேல் கிடந்த இரண்டு சாவியையும் எடுத்து டிரைவரிடம் நீட்டினேன். அவன் வாங்காமல் நின்றான்.

"என்னலே வேடிக்கை பாக்குற? வெரசா வண்டிய எடு. மழை வர்றதுக்குள்ள மேல ஏறணும்."

வாங்கிக்கொண்டான். மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை. எனக்கு அது வராது. கதவருகே அந்தப் பெண் பிள்ளை ஒரு சீட்டை நீட்டியது. மூன்று பொம்மை முகங்கள், ஒன்று சிரிக்கிறது, ஒன்று சும்மா இருக்கிறது, ஒன்று அழுகிறது. "எங்க சர்வீஸ் எப்படி இருந்துச்சு சார்? ஒரு டிக் போடுங்க" என்றது. அழுகிற முகத்தில் டிக் போட்டேன். பேனா கிழித்துக்கொண்டு மறுபக்கம் வந்தது. கதவைத் தள்ளினேன். இழுக்க வேண்டிய கதவு.

அன்றைக்கே பஜாருக்குப் போய்ப் பாயிடம் பேட்டரி கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அட்டை எதும் கொண்டாந்திருக்கீங்களாண்ணே?" என்று ஒரு குத்து குத்திவிட்டு, ஆணியை எடுத்துத் தேதி கீறினார். பிறகு சும்மா பேச்சுவாக்கில் சொன்னார்: "இனிமே வண்டிய மாசத்துக்கு ஒருக்கா நம்ம கடைப் பக்கம் நிறுத்தச் சொல்லுங்க. முன்னாடியெல்லாம் நீங்க காய்கறி எறக்குற நேரத்துல நான்தான மூடியத் தொறந்து பாத்து டிஸ்டில் வாட்டர் ஊத்துவேன். உங்ககிட்ட சொல்லலை. சொன்னா, என் வண்டியில எவன் கை வச்சதுன்னு சண்டைக்கு வருவீங்க."

வந்திருப்பேன். வெளியே வந்தேன். இத்தனை வருடம் என் பேட்டரிகள் ஏன் சாகவில்லை என்பதற்கு நான் ஸ்டாண்டில் எத்தனை காரணம் சொல்லியிருக்கிறேன், அத்தனையும் என் கெட்டிக்காரத்தனம்.

டிரைவர் பாய் கடைக்குள் போய் இரண்டு போத்தல் டிஸ்டில் வாட்டர் வாங்கி வந்தான். என்னைக் கேட்கவில்லை. டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த சாமான் பெட்டியில் வைத்து, எங்கிருந்தோ ஒரு சின்னப் பூட்டை எடுத்துப் பூட்டினான். சாவியைத் தன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். என் மூன்று ஜீப்புகளில் எனக்குச் சாவி இல்லாத பூட்டு அது ஒன்றுதான். நானும் கேட்கவில்லை.